ஃபெலிஸ்பெலாவின் கோபம்

ஊருக்குள் திரும்பும் முக்கில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். எத்தெல்வினா வண்டியைச் சட்டென்று நிறுத்தினாள். பின்னால் அடுக்கியிருந்த கருவாட்டுப் பெட்டிகள் சரிந்து தடதடவென்று விழுந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பலகையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"பியாத்தா ஃபெலிஸ்பெலா பிறந்த மோந்தெர்வா உங்களை வரவேற்கிறது."

ஃபெலிஸ்பெலா அவளுடைய அக்கா. மண்ணுக்குள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. உயிரோடு இருந்த காலம் முழுக்க இந்த ஊர் அவளை 'பியாத்தா' என்றுதான் கூப்பிட்டது. ஞானஸ்நானப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இப்போது அதே சொல்லை நீலப் பட்டையில் வெள்ளை எழுத்தாக்கி, ஓரத்தில் ஒரு லில்லிப் பூவும் வரைந்து, வாசலில் நட்டுவைத்திருக்கிறார்கள்.

போர்ச்சுகலில் அந்தச் சொல்லுக்கு மூன்று முகம். ரோமாபுரி ஒருத்தியைப் புனிதர் பட்டத்துக்கு ஒரு படி கீழே ஏற்றிவைத்தால் அவள் பியாத்தா, அருளாளர். கோயிலே கதியென்று கிடந்து, செபமாலை உருட்டி, ஊரார் பாவத்தை மோப்பம் பிடிக்கிறவள் என்று யாரையாவது நக்கல் அடிக்க வேண்டுமென்றால் அவளும் பியாத்தா. குடித்துமுடித்துக் காலடியில் போட்டு நசுக்குகிற சிகரெட் அடிக்கட்டை இருக்கிறதே, அதுவும் பியாத்தாதான். மோந்தெர்வா ஆண்களுக்கு முதல் அர்த்தம் தேவைப்பட்டதே இல்லை. மற்ற இரண்டையும் முடிச்சுப் போட்டே காலத்தை ஓட்டினார்கள். "ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. எரிஞ்சு முடிஞ்ச பிறகும் புகைஞ்சுக்கிட்டே இருக்கும், எவனுக்கும் ஆகாது, கோயில் வாசல்லதான் கெடக்கும்," என்று அமில்கார் சொன்னதும் மொத்தக் கூட்டமும் தொடையைத் தட்டிச் சிரித்ததை எத்தெல்வினா தன் காதால் கேட்டிருக்கிறாள்.

எத்தெல்வினா எல்லைக்கு அப்பால், ஸ்பெயினின் சமோரா பக்கம் வாழ்க்கைப்பட்டு, வண்டியில் ஊர் ஊராகக் கருவாடு விற்பவள். அவள் புருஷன் எவுத்தீமியோ ஒரு தடவை சொன்னான்: "எங்க பக்கமும் கோயில்ல கெடக்கறவளை அந்தச் சொல்லாலதான் கிண்டல் பண்ணுவோம், இல்லேன்னு சொல்லல. ஆனா சிகரெட் கட்டைக்கு வேற பேரு வச்சிருக்கோம். பொம்பளைக்கும் குப்பைக்கும் ஒரே பேரு வைக்கிற புத்தி உன் ஊர்க்காரனுக்குத்தான்டி வரும்." அன்றைக்கு அவனோடு சண்டை போட்டாள். பலகையைப் பார்த்தபோது, அவன் சொன்னது சரிதானே என்று தோன்றியது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

வண்டியை நேராக அமில்காரின் காப்பிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அமில்கார் இப்போது ஊர்த் தலைவர். வயிறு முன்னால் தள்ளி, மீசை முழுக்க நரைத்து, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். அவளைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்தே வந்தான். முப்பது வருடத்தில் அவளுக்காக அவன் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்கக்கா, வாங்க. காப்பி போடச் சொல்லட்டா? பலகையைப் பாத்தீங்களா? பிரகான்சாவுலேர்ந்து ஆளை வரவச்சு எழுதினது."

"பாத்தேன்."

"நல்லாருக்கில்ல?"

"யாரைக் கேட்டு நட்ட?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? ஊரோட பெருமை. உங்க அக்காவுக்கு அருளாளர் பட்டம் குடுக்கலாமான்னு நாளைக்கு மறைமாவட்டத்துலேர்ந்து விசாரணைக்கு வர்றாங்க. பெரிய சாமியாரே வர்றார். உங்களைத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க. ரத்த சம்பந்தம் இப்போ நீங்க ஒருத்தர்தானே." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. "அக்கா, ஒண்ணே ஒண்ணு. பழைய கதையெல்லாம் இருக்கு பாருங்க. வாலிப வயசுல விளையாட்டா நடந்தது. அதையெல்லாம் அங்க போய் இழுக்க வேணாம்."

"எந்தக் கதை?"

"உங்களுக்குத் தெரியாததா."

"உன் வாயால சொல்லு, எந்தக் கதைன்னு."

கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அமில்கார் குரலைத் தாழ்த்தினான்.

"பள்ளிக்கூடத்தை மூடிட்டான். பசங்கல்லாம் பிரான்சுக்குப் போய்ட்டானுங்க. பஸ்ஸு வாரத்துல ரெண்டு நாள் வருது. இன்னும் கொஞ்ச நாள்ல இங்க நாய் குரைக்கக்கூட ஆள் இருக்காது. யாத்திரைக்காரன் நாலு பேர் வந்தா ஊர் பொழைக்கும். அதை விடுங்க. என் மக ஜெனோவேவா வயித்துல இருந்த கட்டி கரைஞ்சது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? டாக்டரு படத்தை வச்சு வச்சுப் பாக்கறான், நம்பல. ஃபெலிஸ்பெலா செஞ்ச வேலைக்கா அது. நான் சும்மா யாவாரத்துக்காகச் சொல்லல."

அவன் கண் ஈரமாகத்தான் இருந்தது. பொய்யாகவும் தெரியவில்லை. அதுதான் அவளைக் கொதிக்கவைத்தது. அவன் பச்சைப் பொய்யனாக இருந்திருந்தால் ஒரு முறை காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள்.

"சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் கேப்பாங்க. கேட்டதுக்குச் சொல்லுவேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவன் கட்டிக் கொடுத்த பன்றித் தொடைக் கறிப் பொட்டலம் மேசையிலேயே கிடந்தது.

அவன் வாயில் வராத கதை இதுதான்.

லிஸ்பனில் புரட்சி வந்ததற்கு அடுத்த வருடம், 1975. ஃபெலிஸ்பெலாவுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. மடத்தில் சேரப் போனவளைச் சீதனம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பன் வீட்டில் தனியாக இருந்துகொண்டு கறுப்புச் சால்வையைப் போர்த்தி, கோயிலைக் கூட்டினாள். ஊரில் எவருக்கு மலம் அள்ள வேண்டுமானாலும், எந்தப் பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டுமானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆண்கள் பூசை நேரத்தில் உள்ளே வருவதில்லை. பிரசங்கம் முடியும்வரை வாசற்படியில் நின்று புகைப்பார்கள், கட்டைகளைப் படியிலேயே போடுவார்கள். எல்லாரும் போனபிறகு அவள் துடைப்பத்தோடு வருவாள். "பியாத்தா பியாத்தாவைப் பொறுக்குது பார்." ஞாயிறு தவறாமல் நடக்கிற கூத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை எத்தெல்வினாவும் ஊருக்கு வந்திருந்தாள். அக்கா குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். அமில்கார் கடைசி இழுப்பை இழுத்துவிட்டு, நெருப்பு அணையாத கட்டையை இரண்டு விரலால் சுண்டினான். அது சால்வைக்கும் கழுத்துக்கும் நடுவில் போய் விழுந்தது. "ஒண்ணுக்கு ஒண்ணு துணை," என்றான். படியில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். பெண்களும்தான். ஃபெலிஸ்பெலா துடைப்பத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கழுத்தைப் பிய்த்துக்கொண்டாள். சால்வையை உதறுவதற்குள் தோல் வெந்துவிட்டது. அப்போதைய பங்குச் சாமியார் வாசலில்தான் நின்றார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டில் எத்தெல்வினா புண்ணுக்கு எண்ணெய் தடவினாள். கழுத்தின் பின்பக்கம், காசு அளவுக்கு வெந்திருந்தது. அக்கா அழவில்லை. "அவன் நாக்கு அழுகட்டும்," என்றாள். "அவன் கை விளங்காமப் போகட்டும். அவன் சாகறப்போ தண்ணி கேட்டு, அது கெடைக்காமப் போகட்டும்." ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொன்னாள்.

காப்பிக் கடையிலிருந்து திரும்பும்போது இதையெல்லாம் நினைத்த எத்தெல்வினாவின் மனம், மறுநாள் நடக்கப்போகும் விசாரணைக்குத் தாவியது. அவர்கள் கேட்கப்போவது இதைத்தான். கேட்க விரும்பாததும் இதைத்தான்.

மறுநாள் கோயிலின் பக்கத்து அறையில், பூசை உடைகள் வைக்கும் அலமாரிக்கு முன்னால் மேசை போட்டிருந்தார்கள். நடுவில் பெரிய சாமியார் வலேரியானு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், மெதுவான பேச்சு. சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பக்கத்தில் வாக்குமூலம் எழுத லெயோக்காதியா என்ற கன்னியாஸ்திரி கணினியோடு இருந்தார். எத்தெல்வினா நற்செய்திப் புத்தகத்தில் கை வைத்து, உண்மையைச் சொல்வதாகவும், உள்ளே பேசியதை வெளியே பேசுவதில்லை என்றும் சத்தியம் செய்தாள்.

பிறப்பு, வளர்ப்பு, செபம், நோன்பு என்று கேள்விகள் சுலபமாகத்தான் தொடங்கின. பிறகு சாமியார் கேட்டார்:

"இறை ஊழியர் ஃபெலிஸ்பெலா பொறுமைசாலியா இருந்தாங்களா?"

"யார்கிட்ட?"

"பொதுவா."

"நோயாளிங்ககிட்ட இருந்தா. மத்தவங்ககிட்ட இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சிகரெட் கதையைச் சொன்னாள். பெயரோடு சொன்னாள். சிரித்தது யார் யார், படியில் எங்கே நின்றார்கள், அன்றைய பங்குச் சாமியார் கடிகாரத்தைப் பார்த்தது உட்பட. கன்னியாஸ்திரியின் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வலேரியானு கைகளைக் கோத்துக்கொண்டார். பிறகு உருக்கமாகப் பேசினார்.

"அம்மா, அந்தச் சொல்லு எங்கேர்ந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா? லத்தீன்ல பெயாத்துஸ்னா சந்தோஷமா இருக்கறவன்னு அர்த்தம். ஒருத்தரைச் சந்தோஷப்படுத்தறதுங்கற வினையிலேர்ந்து பொறந்தது. நம்ம பாஷைக்கும் ஸ்பானிஷுக்கும் தாய் வீடு அதுதான். ஆண்டவர் மலைமேல நின்னு பேறுபெற்றவங்கன்னு சொன்னாரே, லத்தீன் பைபிள்ல அதுவும் இதே சொல்லுதான். என்னை முன்னிட்டு உங்களை ஏசறப்போ நீங்க பேறுபெற்றவங்கன்னார். அவங்க ஏசறதுக்கு எடுத்த சொல்லே ஆண்டவர் ஆசீர்வதிச்ச சொல்லா இருந்திருக்கு பாருங்க. எவ்வளவு பெரிய மர்மம்."

"சந்தோஷமா?" என்றாள் எத்தெல்வினா.

"ஆமா. மூலத்துல அதுதான் அர்த்தம்."

"கழுத்து வெந்து நின்னவ சந்தோஷமா இருந்தாளாமா?"

"உலகத்துச் சந்தோஷம் இல்லம்மா. அதையெல்லாம் தாங்கிக்கிட்டாங்களே, அதனால வர்ற பேறு."

எத்தெல்வினா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ அமில்கார் போட்ட நெருப்பு அவளுக்கு மோட்சத்துக்குப் படிக்கட்டா? அவன் அவளுக்கு நல்லது பண்ணிருக்கான்னு சொல்றீங்க. இன்னும் நாலு கட்டை போட்டிருந்தா இன்னும் சீக்கிரம் ஏறியிருப்பா, அப்படித்தானே சாமி?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க? அவனுங்க அந்தச் சொல்லை எடுத்து அவ மூஞ்சியில அடிச்சானுங்க. நீங்க அதையே எடுத்துத் தொடச்சு, தங்கமுலாம் பூசி, அவ கழுத்துல மாட்டறீங்க. அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு அவனும் கேக்கல, நீங்களும் கேக்கல."

வலேரியானு நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டார். பிறகு, "நீங்க சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?" என்றார்.

அவள் சொன்னாள். நாக்கு அழுகட்டும் என்று சபித்ததைச் சொன்னாள். அடுத்த ஞாயிறு நடந்ததையும் சொன்னாள். அன்றைக்கு ஃபெலிஸ்பெலா வழக்கம்போலப் படியைக் கூட்டினாள். முந்தின வாரக் கட்டைகளையும் வைத்திருந்தாள் போல. எல்லாவற்றையும் வாளியில் அள்ளி, ஈரமும் சாம்பலுமாக, அமில்காரின் கடைக்குக் கொண்டுபோனாள். சீட்டாடும் மேசையில், கறி வைத்திருந்த தட்டு, வைன் கோப்பை, காசு எல்லாவற்றின் மேலும் தலைகீழாகக் கவிழ்த்தாள். "இந்தா பியாத்தாங்க, எல்லாம் உங்க வீட்டுப் பொண்ணுங்க. எண்ணிப் பாத்துக்கோங்க," என்றாள். அமில்கார் கை ஓங்கினான். அவள் வாளியாலேயே அவன் கையில் ஒன்று போட்டாள். விரல் பிசகியது. அதோடு அவனோடு பேச்சை நிறுத்தினாள். அவனுடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது போனாள், கழுவினாள், குளிப்பாட்டினாள். ஆனால் மகன் அந்த அறைக்குள் காலை வைக்கக் கூடாதென்று கதவைத் தாழ் போட்டாள். கிழவி கதவைப் பார்த்துக்கொண்டே செத்தாள்.

"கடைசில மன்னிச்சாங்களா?" என்று சாமியார் கேட்டார். குரலில் ஏக்கம் இருந்தது.

"இல்ல. சாகறதுக்கு முந்தின வாரம் நான் கேட்டேன். 'அவன் வந்து கேட்டானா?'ன்னா. அவன் வரல."

கன்னியாஸ்திரி தட்டச்சை நிறுத்திவிட்டுச் சாமியாரைப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா அம்மா?" என்றார் சாமியார். "கதவைத் தாழ் போட்டது இருக்கே, அது சாதாரண விஷயம் இல்ல. இது ரோமாபுரி வரைக்கும் போகும். இதனாலயே எல்லாம் நின்னு போகலாம்."

"எனக்கும் அது பிடிக்கல சாமி. அந்தக் கிழவி என்ன பாவம் பண்ணினா? ஆனா நடந்தது அதுதான். என் அக்கா அப்படித்தான் இருந்தா. இருந்தவளை எழுதுங்க."

முடிந்தபிறகு லெயோக்காதியா எழுதியதைப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில், "இறை ஊழியர் ஒரு சமயம் நியாயமான மனவருத்தத்தை வெளிப்படுத்தினார்" என்று இருந்தது.

"அது என்ன மனவருத்தம்?"

"வழக்கமா அப்படித்தாம்மா எழுதுவோம்."

"கோபம்னு எழுதுங்க. வாளியால அடிச்சாள்னு எழுதுங்க. இல்லேன்னா நான் கையெழுத்துப் போடல."

கன்னியாஸ்திரி மறுபடி சாமியாரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாட்சி சொன்ன மாதிரியே எழுதுங்க சிஸ்டர்," என்றார். லெயோக்காதியா அழித்துவிட்டு எழுதினார். எழுதும்போது அவர் உதட்டோரத்தில் ஏதோ துடித்ததை எத்தெல்வினா கவனித்தாள். சிரிப்பா வேறென்னவா என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

அடுத்து அமில்காரைக் கூப்பிட்டார்கள். புதுச் சட்டை போட்டு, தலையைப் படியச் சீவி, அவளைக் கடந்து உள்ளே போனான்.

அன்று வியாழக்கிழமை, அவள் வழக்கமாக அந்த ஊரில் கருவாடு விற்கும் நாள்; விசாரணைக்காகத்தான் ஒரு நாள் முன்பே வந்திருந்தாள். கோயில் முன்னால் இருந்த கல் முற்றத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்தாள். சாட்சி சொல்ல வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கருவாடு வாங்க வந்தவர்கள் எல்லாம் ஒரே கூட்டமாக நின்றார்கள். அமில்காரின் மனைவி கித்தேரியாவும் கூடையோடு நின்றாள். பேச்சே இல்லாத பெண். புருஷன் பேசும்போது அவன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கொஞ்ச நேரத்தில் அமில்கார் வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. நேரே வண்டிக்கு வந்தான்.

"உள்ள என்னத்தடி சொன்ன?"

'அக்கா' என்ற அழைப்பு போய் 'அடி' வந்துவிட்டது.

"சத்தியம் பண்ணிருக்கேன். வெளிய சொல்லக் கூடாது," என்று எத்தெல்வினா தராசில் கருவாட்டை வைத்தாள்.

"ஊரையே நாசம் பண்ணிட்ட. கருவாட்டுக்காரி புத்தி. ஸ்பெயின்காரனுக்குக் கழுத்தை நீட்டினவளுக்கு இந்த ஊரைப் பத்தி என்ன அக்கறை இருக்கப் போகுது?"

"சரி. நீ என்ன சொன்ன? நீயும் புத்தகத்துல கை வச்சுத்தானே சொன்ன?"

அவன் கூட்டத்தைப் பார்த்தான். பின்வாங்க இடமில்லை.

"உள்ளதைச் சொன்னேன். நான் கீழதான் போட்டேன். காத்து தூக்கிட்டுப் போய் அவ மேல போட்டுது. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அன்று படியில் நின்று சிரித்தவர்களில் ஐந்தாறு பேர் அங்கேயே நின்றார்கள். ஒருவர் தொப்பியைச் சரிசெய்தார். எத்தெல்வினா கையிலிருந்த கத்தியை வெட்டுப் பலகையில் குத்தி நிறுத்தினாள். என்ன செய்வோம் என்று அவளுக்கே தெரியாத நிலை அது.

"காத்தா?" என்றது ஒரு குரல்.

கித்தேரியா. கூடையைக் கீழே வைத்திருந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ," என்றான் அமில்கார்.

"எந்தக் காத்து? அன்னைக்கு இலைகூட அசையல. நான் மூணாவது படியில நின்னேன். நீ ரெண்டு விரலால சுண்டின. குறி பாத்துச் சுண்டின. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிரிக்கலேன்னா நீ வீட்டுக்கு வந்து அடிப்பியேன்னு சிரிச்சேன்."

"கித்தேரியா."

"ஜெனோவேவாவுக்கு முடியாமப் போனப்ப நான் அவ கல்லறைக்குப் போனேன்ல? வரம் கேட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியற. நான் வரம் கேக்கல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பேன்? மன்னிச்சுக்கோன்னு சொன்னேன். எனக்கும் உனக்கும் சேத்துச் சொன்னேன். நீ பண்ணினதுக்கு என் பொண்ணை எடுத்துக்காதேன்னு சொன்னேன். அவ்வளவுதான் நான் பண்ணின செபம்." மூச்சு வாங்கியது. "அதை இப்ப உள்ள போய்ச் சொல்றேன்."

அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறவில்லை. பிடித்த கையைச் சும்மா பார்த்தாள். அவ்வளவுதான். அவன் விட்டுவிட்டான். அவள் கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் படியேறி உள்ளே போனாள். கூட்டம் மெல்லக் கலைந்தது. அன்று எத்தெல்வினாவிடம் அதற்குமேல் யாரும் கருவாடு வாங்கவில்லை.

மாலையில் பெரிய சாமியாரின் கார் ஊரை விட்டுக் கிளம்பியபோது, முக்கில் இருந்த பலகைக்கு முன்னால் நின்றது. அவர் இறங்கிப் படித்தார். ஊர்த் தலைவரைக் கூப்பிட்டு அனுப்பினார். திருச்சபை இன்னும் வாய் திறக்காத ஒருத்தியை இப்படி அருளாளர் என்று ஊரே எழுதிவைக்கத் தடை உண்டு என்றும், மற்ற எல்லாவற்றையும் விட இதுவே பட்டத்துக்கான வழக்கைக் கொன்றுவிடும் என்றும் சொன்னார். அமில்காரே இரண்டு பேரை வைத்துப் பிடுங்கினான். கம்பம் நட்ட குழியில் மழைத் தண்ணீர் தேங்கியது.

எத்தெல்வினா வீட்டுக்குப் போனதும் எவுத்தீமியோ நச்சரித்தான். "என்னதான் சொன்ன? என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"கூடாது."

"அப்போ அவ புனிதர் ஆவாளா மாட்டாளா?"

"அவ கோபத்தோட சேத்து எடுத்துக்கிட்டா ஆகட்டும். இல்லேன்னா அப்பனுக்குப் பக்கத்துல நிம்மதியாக் கெடக்கட்டும்."

"உனக்கு இப்பவாவது ஆறிச்சா?"

ஆறவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்களே, அதெல்லாம் சும்மா. சட்டியைக் கழுவும்போதும் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாமியாரின் மெதுவான குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தது: மூலத்துல சந்தோஷம்னு அர்த்தம். எந்தக் காலத்திலோ எவனோ லத்தீனில் சந்தோஷமாக இருந்திருக்கிறான். அந்தச் சொல் தேசம் தேசமாக நடந்து வந்து தன் அக்காவின் கழுத்தில் விழுந்து எரிந்திருக்கிறது. அதன் மூலத்தைத் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

கித்தேரியா அந்த வாரமே பிரகான்சாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. வழக்கைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை. ரோமாபுரிக்குப் போனது என்றார்கள், பாதியிலேயே நின்றது என்றார்கள்.

இலையுதிர் காலத்தில் கஷ்கொட்டை பொறுக்கும் நாட்களில், ஒரு வியாழக்கிழமை, கடைசி ஆளும் போனபிறகு அமில்கார் வண்டிக்கு வந்தான். ஆள் இளைத்திருந்தான். கண்ணாடிக் கயிறு அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது.

"அக்கா."

அவள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"மறைமாவட்டத்து ஆயர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரிய சாமியாரைப் பாத்தேன். காத்து இல்ல, நான்தான்னு சொல்லி எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

"சரி."

"உங்ககிட்டயும் சொல்லணும்னு தோணுச்சு."

"சொல்லிட்டல்ல."

அவன் போகவில்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் இன்னும் என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"அவங்ககிட்டச் சொன்ன, என்கிட்டச் சொன்ன. அவகிட்டச் சொன்னியா?"

"அவ செத்துப் போய்ட்டாளே அக்கா."

"செத்தவதான் உன் பொண்ணு வயித்துல இருந்த கட்டியைக் கரைச்சான்னு ஊரெல்லாம் சொன்ன. கட்டியைக் கரைக்கறதுக்கு அவளுக்குக் காது கேக்கும், நீ மன்னிப்புக் கேட்டா மட்டும் கேக்காதா?"

அவன் கண்ணாடிக் கயிற்றின் முடிச்சை நெருடினான்.

"மன்னிப்பாளா?" என்றான் கடைசியில்.

"எனக்கு எப்படித் தெரியும்? அது அவ இஷ்டம். கையை எடு, கதவைச் சாத்தணும்."

அவன் கையை எடுத்தான். அவள் கதவை அடித்துச் சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பினாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவன் முற்றத்தின் நடுவே நிற்பது தெரிந்தது. இடப்பக்கம் போனால் அவன் கடை, வலப்பக்கம் போனால் கல்லறைத் தோட்டம். எந்தப் பக்கம் திரும்பினான் என்று அவள் பார்க்கவில்லை. அடுத்த ஊரில் ஆட்கள் கருவாட்டுக்குக் காத்திருந்தார்கள்.